சட்டைப் பொத்தான் அளவு பான்கேக்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னைத் தூங்கவிடாமல் செய்கிற அந்தப் பெரிய மனிதரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இன்று காலை அம்மா வலது கையால் வேலை செய்தாள். நேரில் பார்த்தவர்கள் நான், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் பெற்ற வாலு, ஆக நான்கு பேர். அவள் செய்ததை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் அதே நான்கு பேர்தான். ஆகையால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மணிக்கட்டில் கட்டுப் பிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் விரல்கள் மடங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு நொடி, அதற்குப் பிறகு படுவது இத்தனை நாள். உனக்குத் தெரியாதது, பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர் பந்தின் கதை. தினமும் காலையும் மாலையும் அதை அமுக்கிப் பழக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அம்மா இரண்டு நாள் அமுக்கிவிட்டு, "நான் என்ன கைப்பிள்ளையா, பந்தை வெச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்க?" என்று தூக்கி வைத்துவிட்டாள். பந்து வாலுவின் கைக்குப் போய், இப்போது சோபாவுக்கு அடியில் இருக்கிறது. தன் தையல் கடைப் பக்கமே அம்மா போவதில்லை. கடையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைப் போனில் கூப்பிட்டுக் காலரை இப்படி வெட்டு, அப்படி வெட்டு என்று உயிரை வாங்குவதோடு சரி. சாப்பாடு இடது கையில் ஸ்பூனால். யாராவது உதவிக்குப் போனால் ஒரு முறை முறைப்பாள், போனவர் வந்த வழியே திரும்பிவிடுவார். பிரசவத்துக்கு வரமுடியாது என்று உன்னிடம் போனில் சொன்னபோது குளிர் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று என்னென்னவோ காரணம் சொன்னாள் அல்லவா, அதெல்லாம் காரணமே இல்லை. அண்ணியிடம்தான் மனதைத் திறந்திருக்கிறாள். "பச்சப் பிள்ளையக் கையில வாங்கி, பிடி நிக்காம நழுவ விட்டுட்டேன்னா? நான் ஒத்தாசைக்குப் போறேனா, உபத்திரவத்துக்குப் போறேனா?" என்று கேட்டாளாம். நீ கோபித்துக்கொண்டு இரண்டு வாரமாக அவளோடு சரியாகப் பேசவில்லை, அதனால் இதை உனக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இன்றைக்கு வருவோம். வாலுவின் வகுப்பில் ஒரு பெண் டிபனுக்குப் பான்கேக் கொண்டுவந்தாளாம், ஒரே நச்சரிப்பு. அண்ணிக்கு ஆஸ்பத்திரி லேபில் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அண்ணனுக்கும் லிப்ட் ரிப்பேர் என்று யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் ஒன்றாகக் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சிரிக்காதே. விசாரிக்காமல் நான் எதிலும் இறங்குகிறவன் இல்லை. தெருமுனை பேக்கரிக்காரரிடம் கேட்டேன், ஒரு டம்ளர் மைதாவுக்கு இரண்டு ஸ்பூன் சோடா உப்பு என்றார். எனக்கு இரண்டு ஸ்பூன் அதிகமாகப் பட்டது, அதனால் மாடி வீட்டு நர்ஸம்மாவிடமும் கேட்டேன். அவரும் இரண்டு ஸ்பூன்தான் என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் எங்கள் பத்திரிகையிலேயே செய்தியாகப் போட்டுவிடுவோம், பான்கேக்கில் போடக்கூடாதா? போட்டேன். அண்ணன் தக்காளி சாஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் மாவுக் கரைசலை ஊற்றிக் கொடுத்தான், அமுக்கினால் மூக்கு வழியாக அழகாக விழும், வேண்டிய உருவம் வரையலாம் என்றான். வாலு யானை கேட்டாள். சட்டியில் அவன் வரைந்த யானை வெந்து உப்பியதும் பக்கவாட்டில் பார்க்க நம் வீட்டு ஓனர் மாதிரியே இருந்தது. வாலு தும்பிக்கையைப் பிய்த்து வாயில் போட்டாள், முகம் கோணிற்று. "தாத்தா, சோப்பைத் தின்ன மாதிரி இருக்கு" என்றாள். அண்ணி ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு மரியாதைக்கு விழுங்கினாள், அண்ணனுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

அதுவரை அம்மா சாப்பாட்டு மேசைப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை ஸ்பூன் போட்டீங்க?" என்றாள். சொன்னேன். "யார் சொன்னா?" அதையும் சொன்னேன். "ஏங்க, அந்த நர்ஸம்மா போன வாரம் என் முன்னாலதானே பேக்கரிக்காரர்கிட்ட இதையே கேட்டுட்டுப் போனாங்க. அவர் சொன்னது அவர் கடை ஸ்பூனு, காது குடையற சைஸ்ல இருக்கும். நீங்க குழம்புக் கரண்டியில போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டாள். விழுந்த நாளிலிருந்து அடுப்படிக்குள் அவள் காலெடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், பேசிக் கெடுத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அம்மா சொல்லச் சொல்ல அண்ணி புதிதாகக் கரைத்தாள். உனக்கும் ஆகும், குறித்துக்கொள். மைதா ஒரு டம்ளர், பால் முக்கால் டம்ளர், பாலில் முதலிலேயே எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்துவிட வேண்டும், ஒரு முட்டை, சர்க்கரை இரண்டு ஸ்பூன், உருக்கிய வெண்ணெய் ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, சோடா உப்பு விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. கட்டி இருந்தால் இருக்கட்டும், அடித்து நொறுக்காதே, கரைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடு.

பாட்டிலை அண்ணன்தான் வைத்திருந்தான். சட்டி காய்ந்து வெண்ணெய் பொரிகிற நேரம் பார்த்து அவனுக்குப் போன், ஏதோ ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ஒருவர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டாராம். அவன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் எந்தக் கை இருந்ததோ அந்தக் கையில் பாட்டிலைத் திணித்துவிட்டு நகர்ந்தான். அது அம்மாவின் வலது கை. "அத்தை, சட்டி காயுது, அமுக்குங்க அமுக்குங்க" என்று அண்ணி பதறினாள். அம்மாவும் யோசிக்காமல் அமுக்கிவிட்டாள். விரலில் இருந்த பலத்துக்கு ஒரு சொட்டுத்தான் விழுந்தது, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் முகம் வாடிப்போயிற்று, பாட்டிலை நீட்டி, "வேணாம், நீயே ஊத்து" என்றாள். அதற்குள் அந்தச் சொட்டில் குமிழி வந்து உடைந்தது, அண்ணி திருப்பிப் போட்டாள், பொன்னிறம். வாலு அதைச் சூட்டோடு எடுத்து ஊதி முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, "இந்த சைஸ்தான் வேணும். யானை வேணாம். பாட்டி, இதே மாதிரி நிறைய போடு" என்றாள். அவ்வளவுதான். அம்மா மறுபடி அமுக்கினாள். பலம் குறைந்த கைக்கு அந்த அளவுதான் வரும், குழந்தைக்கும் அந்த அளவுதான் வேண்டியிருந்தது. அண்ணன் வராந்தாவில் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனிடம், "மெதுவா, அவசரமே இல்ல, நல்லா வருது" என்று சொல்லிக்கொண்டிருக்க, "நீ யார்றா எனக்குச் சொல்ல, எனக்குத் தெரியும்" என்று அம்மா இங்கிருந்து குரல் கொடுத்தாள். லிப்டில் இருந்தவரும் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்.

சட்டை முன்பக்கத்தில் பொத்தான் வைப்பதுபோல ஒரே இடைவெளியில் வரிசை வரிசையாக வைத்தாள். நடுவில் கை வலித்தபோது இடது கையை அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள், பாட்டிலை மட்டும் யாருக்கும் தரவில்லை. மேசையில் தேன் ஒரு கிண்ணத்தில், வாழைப்பழத் துண்டு ஒரு தட்டில், கையில் ஆளுக்கொரு பல்குச்சி. வாலு நான்கைந்தை அடுக்கிக் கோபுரம் கட்டி அதை ஒரே வாயில் போடப் பார்த்து, தேன் முழங்கை வரை வழிந்தது. நான் செய்த சோப்பு யானையைக் காக்கை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஜன்னலில் வைத்தோம், அதுவும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விட்டது. அம்மா கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பல்குச்சியை வலது கையில்தான் பிடித்திருந்தாள், இரண்டு தடவை கீழே விழுந்தது, இரண்டு தடவையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படி. சாப்பிட்டு முடித்து நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அண்ணி பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் மைதா பொட்டலம் ஒன்றையும் சர்க்கரைப் பொட்டலம் இரண்டையும் ஒன்றாக வைத்துத் துண்டால் சுற்றினாள். மொத்தம் மூன்று கிலோ இருக்கும். அதைக் கையில் ஏந்தி, கனமான பக்கத்தை வலது மணிக்கட்டில் தாங்கிக்கொண்டு, அடுப்படிக்கும் கூடத்து வாசலுக்குமாக மெதுவாக நடந்தாள். ஜன்னல் பக்கம் நின்று கை மாற்றினாள். ஒரு தடவை தட்டிக்கொடுக்கவும் செய்தாள். பிறகு துண்டைப் பிரித்துப் பொட்டலங்களை அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தாள். நான் பேப்பருக்கு மேலாகப் பார்த்தேன். அண்ணி பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மத்தியானம்தான் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம், அதுவரை அண்ணியிடம் நானும் சொல்லவில்லை, என்னிடம் அவளும் சொல்லவில்லை. சோடா உப்பு மாதிரி இல்லை, இது தனித்தனியாக இரண்டு சாட்சி.

உனக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பொத்தான் பான்கேக் நாலைந்து செய்து டப்பாவில் போட்டுக்கொள், குமட்டுகிற நேரத்தில் சின்னதாக இருந்தால் உள்ளே போகும். ஸ்டூல் மேல் ஏறி எதையும் எடுக்காதே, மாப்பிள்ளை உயரமாகத்தானே இருக்கிறார். இந்தக் கடிதத்தை அண்ணன் படமெடுத்து இன்றே போனில் அனுப்பிவிடுவான், இன்றோ நாளையோ அம்மாவுக்கு நீயே போன் செய், கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, பான்கேக் எப்படிச் செய்வது என்று கேள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

வருகிற வியாழக்கிழமை எலும்பு டாக்டர் பார்க்கிறார். பாரம் தூக்கலாமா, இவ்வளவு தூரம் பயணம் போகலாமா என்பதை அன்றைக்குச் சொல்வார், சாயந்திரமே உனக்குத் தெரிவிக்கிறேன். அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுப்பதும் அதுவரை நிற்கிறது. அம்மா வருகிறாள் என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை, அவள் வாயால் அப்படிச் சொல்லவில்லை. சற்று முன் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அங்க அவ வீட்டுல சாஸ் பாட்டில் இருக்கும்ல? காலியானா தூக்கிப் போட்டுடாம கழுவி வைக்கச் சொல்லுங்க" என்றாள். சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். பாட்டிலை மறந்துவிடாதே, மூக்கு சின்னதாக இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா