டாலிக்குத் தடவிய எண்ணெய்

மாசி பிறந்தால் நாய் டாலிக்கு முடி கொட்டத் தொடங்கிவிடும். இன்று காலை மொட்டைமாடியில் வைத்துச் சீவினேன். அகலப் பல் சீப்பை இரண்டு முறை இழுப்பதற்குள் ஒரு கைப்பிடி வெள்ளை முடி வந்தது. முடியை விலக்கித் தோலைப் பார்த்தேன். புண்ணில்லை, சிவப்பில்லை. வால் தொடங்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு முடி சாம்பல் நிறமாக இருக்கிறது. மூன்று வருடமாகவே அப்படித்தான். சீப்பு அந்த இடத்துக்கு வந்ததும் உன் நினைவு வந்தது. அன்பாக வரவில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி நம் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு எழுதியவன் நான்தான். "நண்பர்களிடம் எதையும் மறைக்காதவர்" என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியைத் திரும்பப் பெற முடியுமானால் இன்றே பெற்றுவிடுவேன்.

இருபத்திரண்டு வருடம் ஒரே ஸ்கூட்டரில் சுற்றினோம். நீ கேமரா, நான் நோட்டு. துறைமுக வாசலில் வேலைநிறுத்தம் என்றாலும் எண்ணூரில் கழிமுகத்து மீன் செத்து மிதந்தாலும் நாம்தான். "படம் பொய் சொல்லாது மாமு, பக்கத்துல நிக்கிறவன்தான் சொல்லுவான்" என்பாய். கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர்களை எல்லாம் பார்த்துச் சிரிப்போம். திருவொற்றியூரில் நான் முதல் மாடி, நீ இரண்டாவது மாடி. டாலி இரண்டு மாடிக்கும் பொது.

மூன்று வருடத்துக்கு முன்பும் இதே மாசி. தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போகவேண்டியிருந்தது. கயிற்றை உன் கையில் கொடுத்து, "இது கொட்ற நேரம். கொத்துக் கொத்தா வரும், பயப்படாதே. தினமும் சீவிவிட்டா போதும்" என்றேன். "நாய்க்கு இன்னா பியூட்டி பார்லரா? நீ போய்ட்டு வா மாமு" என்றாய்.

திரும்பி வந்தபோது டாலி வாசலுக்கு ஓடி வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். முதுகிலும் இடுப்பிலும் முடியே இல்லை. தோல் சிவந்து, சில இடங்களில் பொருக்குத் தட்டியிருந்தது. "சீசன் மாமு. கொட்டும்னு நீதான சொன்ன?" என்றாய். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாய்.

மருத்துவர் ஒரு நிமிடம் கூடப் பார்க்கவில்லை. "இது தானா உதிர்ந்ததில்ல சார். மேல ஏதோ பட்டிருக்கு. வெந்நீரோ, கெமிக்கலோ" என்றார். படியேறி வந்து உன்னிடம் சொன்னேன். கையிலிருந்த லென்ஸைத் துடைத்து மூடினாய். பிறகு, "கீழ் வூட்டு அக்கா கருவாட்டுல முடி பறக்குதுன்னு கத்திகினு இருந்துச்சே. அதுதான் வெந்நி ஊத்தியிருக்கும்" என்றாய்.

பொருத்தமாகத்தான் இருந்தது. கீழ்த்தளத்துச் செல்வி அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். விற்காததைக் கருவாடாக்க மொட்டைமாடியில் காயவைப்பார். மாசியில் டாலியின் முடி பறந்து போய் அதில் ஒட்டும். "உன் நாய் முடிய உப்பு போட்டு விக்கவா சார்?" என்று வருடா வருடம் சண்டை பிடிப்பார். நான் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். "நீங்கதான் ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். தெருவே பார்த்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் கலீஜா பேசுவேன் சார். கலீஜா செய்ய மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நீ மாடிப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

டாலிக்கு முடி திரும்ப ஐந்து மாதம் ஆனது. மருத்துவர் கொடுத்த மருந்துத் தண்ணீரில் வாரம் ஒரு முறை துடைப்பு. புண் ஆறும்வரை சீப்பே கூடாது. மதிய வெயில் கூடாது. அவித்த முட்டை, வேகவைத்த மத்தி மீன். முதலில் கோழிக்குஞ்சுக்கு இருப்பதுபோல மெல்லிய பூமுடி வந்தது. அதற்கு மேல் நீள முடி வர ஆடி பிறந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே சுவர், அதே வெளிச்சத்தில் அவளை நிறுத்திப் படம் எடுத்தாய். "பார் மாமு, இந்த வாரம் இவ்ளோ ஏறிகீது" என்று காட்டினாய். தோல் ஆறிய பிறகு நான் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் எடுத்தபோது டாலி நடுங்கிச் சுவரோரம் ஒண்டினாள். அதைக்கூட உன்னிடம் கேட்டேன். "சில நாய்ங்களுக்கு எண்ணெய்னாலே ஆவாது" என்றாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் சாத்தாங்காட்டு லாரி ஷெட் மெக்கானிக் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். "நாய் எப்படிகீது நைனா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "நல்ல வேள. எங்க ஷெட்ல நாய்ங்களுக்குச் சொறின்னா வேஸ்ட் ஆயில்தான் தடவுவோம். அண்ணன் வந்து, முடி கொத்து கொத்தா வருது, சொறி புட்ச்சிக்கிச்சுன்னு பயந்துகினு கேட்டாரு. லாரி இன்ஜின்ல இருந்து எறக்குனது ஒரு டப்பா குடுத்தேன். லேசா தடவுன்னேன். அவரு முதுகு பூரா ஊத்தி வெயில்ல கட்டிட்டாரு. அப்புறம் துணி சோப்பு போட்டு மூணு வாட்டி கழுவினாராம். ஷெட்டுக்கு வந்து அழுதாரு. 'மாமுகிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னாரு." என் இலையில் பாயசம் ஊற்றினார்கள். நான் எழுந்துவிட்டேன்.

எண்ணெய் தடவியதை நான் மன்னித்திருப்பேன். பயத்தில் செய்தது. அந்த ஷெட்டில் பத்துப் பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததைக்கூட விழுங்கியிருப்பேன். ஆனால் ஒரு பெண்ணின் கதவுக்கு என்னை அனுப்பிவிட்டுப் படியில் நின்றாயே. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. உன் வாயை மட்டும்தான் அப்படியே நம்பினேன். அது உனக்குத் தெரியும்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வி அக்காவிடம் போனேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். மாடில அது பக்கத்துல போனேன், லாரி ஆயில் வாசன கப்புன்னு அட்ச்சிது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? 'நீதான் ஊத்தினியா'ன்னு கேட்ட. 'இன்னா பாத்த'ன்னு கேட்டியா? பேப்பர்காரன்தான நீ? சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பியா? அவரு உன் தோஸ்து, நான் மீன்காரி."

டாலிக்கு மத்தி வைத்தது யார் என்று அப்போதுதான் கேட்டேன். அந்த ஐந்து மாதமும் படிக்கட்டில் டாலியின் தட்டில் வேகவைத்த மத்தி தினமும் இருக்கும். நீ வைப்பதாக நினைத்திருந்தேன். உனக்கு நன்றிகூடச் சொன்னேன். நீ வாங்கிக்கொண்டாய். "அது வாயில்லாத ஜீவன். அதும்மேல எனக்கு இன்னா கோவம்?" என்றார் அக்கா.

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் துடைத்தார். "அவரு இருந்தப்பவே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும் சார். மூணு பேரும் தெருவுல நின்னு நாறடிச்சிகினு, அப்புறம் டீ குட்ச்சிருக்கலாம்."

அந்தச் சண்டைதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன்னைக் கேட்க வேண்டிய கேள்விகள், நீ சொல்லியிருக்கக்கூடிய சமாதானங்கள், நடுவில் அக்கா போட்டிருக்கக்கூடிய கூச்சல், எல்லாம் வரிசையாகத் தயாராக இருக்கின்றன. மாடிப்படி ஏறும்போதெல்லாம் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது வாக்கியம் நீ பேச வேண்டியது.