கை தூக்காதவள் சப்பாத்தி சுட வேண்டும்

6 ஜனவரி 2024, சனி

பத்துக் கைகள் மேலே. ஒரு கை கீழே. கீழே இருந்த கை யாருடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வேண்டுமா?

இன்று சாமா கூட்டம், வங்கேஷி வீட்டில். பதினொரு பெண்கள் சீட்டுப் போடுகிற மாதிரி மாதாமாதம் போட்டு, ஒன்பது வருஷமாகச் சேர்த்த பணம் அது. நைரோபிக்கு வெளியே கிட்டெங்கேலாவில் மனை வாங்குவதற்கு. அதை அப்படியே டாலராக மாற்றிவிட வேண்டுமாம். வங்கேஷி எழுந்து நின்று சொன்னாள். அவள் தலைவி. அவள் எழுந்தால் பாதிப் பேருக்குக் கை தன்னால் எழும்.

"ஒரு டாலர் நூத்தி அம்பத்தேழு. போன ஜனவரியில நூத்தி இருபத்திமூணு. நம்ம ஷில்லிங் வெயில்ல வச்ச வெண்ணெயாட்டம் உருகுது. இன்னும் என்னத்தடி பாக்கணும்?"

"வாங்கணும்னு நினைச்சவ எல்லாம் வாங்கியாச்சு வங்கேஷி. இனிமே வாங்க யார் மிச்சம்? நாமதான். கடைசிப் பந்திக்குப் போறவளுக்கு இலையில என்ன விழும்?"

"ஊரே வலது பக்கம் போனா நீ இடது பக்கம் போவ. பொறக்கும்போதே காலை முன்னால நீட்டிக்கிட்டுத்தான் வந்திருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் கையைத் தூக்கவில்லை.

எங்கள் சாமாவில், கூட்டத்துக்கு வந்த எல்லாக் கையும் ஏறாமல் பணம் நகராது. தூக்காதவளுக்கு ஒரு மாத அவகாசம். அடுத்த கூட்டம் அவள் வீட்டில். பதினொரு பேருக்கும் அவளே சப்பாத்தி சுட்டுப் போட்டு, தன் கட்சியைப் பேசி ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் கை தூக்கிவிட வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவளும் வங்கேஷிதான். யாரை மனதில் வைத்துக் கொண்டுவந்தாள் என்று எனக்குத் தெரியாதா!

9 ஜனவரி

நான் இவ்வளவு உறுதியாக இருப்பது ஏன்? இது என் நாட்குறிப்புதானே, உண்மையை எழுதலாம்.

கூட்டத்தில் சொல்ல நல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. வட்டி விகிதம், ஏற்றுமதி, மத்திய வங்கி. உண்மையான காரணம், போன வாரம் என் வீட்டுக்காரர், நெலிமா அப்பா, டாலர் வாங்கிவிட்டார்.

நெலிமா அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். நல்ல மனுஷன். ஆனால் ஊர் முழுக்க ஓடி முடித்துக் களைத்து உட்காரும் நேரத்தில்தான் இவர் செருப்பை மாட்டுவார். காடை முட்டை சர்வரோக நிவாரணி என்று நைரோபியே பைத்தியம் பிடித்து அலைந்த வருஷம், முந்நூறு காடை வாங்கிக் குளியலறையில் விட்டார். அடுத்த மாதமே விலை தரையில். எட்டு மாதம் காடை தின்றோம். எங்கள் மகள் நெலிமா இன்றைக்கும் கோழியைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அவர் வாங்கினால் நான் யோசிப்பேன். அவருக்கும் தெரியும். "நான் இல்லாட்டி உனக்கு ஏது பொருளாதாரம்?" என்று காலை நீட்டிக்கொண்டு கேட்கிறார்.

17 ஜனவரி

நூற்று அறுபது.

26 ஜனவரி

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சீனாவிலிருந்து சட்டங்கள் அனுப்பும் குவாங்சோக்காரன் காலையில் கூப்பிட்டான். டாலரை முன்கூட்டியே அனுப்பினால்தான் சரக்காம். கடைக்கு வந்த ஒரு பாதிரியார், பார்வைப் பரிசோதனைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர், பலகையில் எழுத்தைப் படிக்கச் சொன்னால், "டாலர் இருநூறு போகுமாமே அம்மா?" என்கிறார். மத்தாத்து மினிபஸ் நடத்துநர் டாலர் பேசுகிறான். முடி பின்னுகிறவள் டாலர் பேசுகிறாள்.

இவ்வளவு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு என்ன ஆகும்?

சரி, நான் மட்டும் தப்பாக இருந்தால்? பதினோரு பேர் மனை அது. இதில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு வீம்பு? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

3 பிப்ரவரி, சனி

நாற்பது சப்பாத்தி. பச்சைப்பயறுக் குழம்பு. தோள் கழன்றுவிட்டது.

வங்கேஷி முதலில் இரண்டு சப்பாத்தியைச் சாப்பிட்டு முடித்தாள், பிறகுதான் சண்டையை ஆரம்பித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் இது. பசியோடு சண்டை போடமாட்டாள்.

நான் சொன்னேன்: அரசாங்கம் இந்த மாதம் கடன்பத்திரம் விற்கிறது. பதினெட்டு சதவீதத்துக்கும் மேலே வட்டி, வரி கிடையாது. "பயந்துபோனவன்தான் பதினெட்டு கொடுப்பான். ஊருக்கு இருக்கிற பயம் மொத்தமும் அந்த விலையில ஏறியாச்சு. அதுக்கு மேல பயப்பட ஆள் இல்ல."

"பயம் நிஜமா இருந்தா? ஜூன்ல வெளிநாட்டுக் கடனைக் கட்டணுமே. கட்ட முடியலன்னா?"

"அப்ப டாலர் இருநூறு. நான் சாமாவ விட்டுப் போயிடறேன்."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? நான் அதைத் தயார்செய்து வைக்கவில்லை. அமோன்டி (எங்கள் செயலாளர், எல்லாவற்றையும் எழுதுகிறவள்) பேனாவை நிறுத்திவிட்டாள். வங்கேஷி என்னையே பார்த்தாள்.

"பைத்தியக்காரி. போறதப் பத்தி உன்கிட்ட யாருடி கேட்டா?"

கடன்பத்திரத்துக்கு ஒவ்வொரு கையாக ஏறியது. கடைசியாக அவள் கை. "நல்லாக் கேட்டுக்கோ. இது ஷில்லிங்குக்குத் தூக்கின கை இல்ல. உனக்குத் தூக்கினது."

பாத்திரம் கழுவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

13 பிப்ரவரி

அரசாங்கம் வெளியே புதுக் கடன் வாங்கி, ஜூனில் கட்ட வேண்டிய பழைய கடனை இப்போதே அடைக்கத் தொடங்குகிறதாம். வானொலியில் கேட்டதும் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனேன். என் மூக்கில்தான் இருந்தது.

20 பிப்ரவரி

நூற்று நாற்பத்தைந்து! ஒரே வாரம்! அட என் ராசாத்தி ஷில்லிங்கே!

நெலிமா அப்பா பழைய காலணிக்குள் மறைத்து வைத்திருந்த டாலரை எடுத்து, "இது சின்னதாயிட்ட மாதிரி இருக்கு இல்ல?" என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல்.

அந்தச் சூட்டிலேயே சாமா வாட்ஸாப்பில் குரல்செய்தி போட்டேன். "மெத்தைக்கடியில டாலர் வச்சிருக்கிற மகராசிங்க எல்லாம் மெதுவாப் படுங்க. அடியில காத்து இறங்குது!" ஒன்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமோன்டி அதைத் தன் அலுவலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டாளாம்.

வங்கேஷி மட்டும் பதில் போடவில்லை. அவள் துணிக்கடையில் கூட்டமாக இருக்கும்.

2 மார்ச், சனி

வங்கேஷி வரவில்லை.

ஒன்பது வருஷத்தில் ஒரு கூட்டம் தவறியதில்லை அவள். பிரசவம் ஆகிப் பத்தாவது நாள் குழந்தையோடு வந்தவள். இன்றைக்கு வராததற்கான அபராதத்தைக் கூட்டம் தொடங்கும் முன்பே தொலைபேசியில் அனுப்பிவிட்டாள், ஒரு வார்த்தை இல்லாமல்.

வாசலில் அமோன்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்குத் தெரியாதா? ஜனவரி கடைசியில அவ கையில இருந்த மொத்தத்தையும் டாலராக்கிட்டா. கடையைப் பெருசு பண்ண வச்சிருந்த பணம். நூத்தி அறுபத்தொண்ணுல வாங்கினா."

நூத்தி அறுபத்தொண்ணு. உச்சாணியில.

அப்போ பிப்ரவரி மூணாம் தேதி என் வீட்டுல உக்காந்து கை தூக்கினப்பவே... அவ பணம் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்திருக்கு. தன் பணத்துக்கு எதிரா எனக்காகக் கை தூக்கியிருக்கா. நான் என்னடான்னா மெத்தை, காத்துன்னு... ஐயோ. நாக்கா இது?

4 மார்ச்

அவள் துணிக்கடைக்குப் போனேன். ஒரு பெண்ணுக்குக் கித்தெங்கே துணி அளந்துகொண்டிருந்தாள். அளந்தாள், வெட்டினாள், மடித்தாள். ஒரு முறையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே.

"எனக்குத் தெரியாது வங்கேஷி. சத்தியமாத் தெரியாது."

"தெரியாமத்தான் பேசுன. தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, நீ சொன்னது சரி. காத்து இறங்கித்தான் போச்சு."

"டாலரை இப்பவே மாத்திடாத, கொஞ்சம்..."

"உன்கிட்ட யோசனை கேக்கலயே." கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். "உனக்கு எத்தனை மீட்டர் வேணும்?"

இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். மஞ்சள். எனக்கு மஞ்சள் ஆகவே ஆகாது.

26 மார்ச்

நூற்று முப்பத்திரண்டு. நெலிமா அப்பா கேட்டார்: "ஜெயிச்சவ மூஞ்சி இப்படியா இருக்கும்?"

6 ஏப்ரல், சனி

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

வங்கேஷி இன்றும் இல்லை. அவள் நாற்காலியில் கைப்பைகளை வைத்திருந்தார்கள். வட்டிப் பணம் வரும்போது அதை எங்கே போடலாம் என்று பேச்சு. நான் வாயைத் திறக்கும் முன்பே அமோன்டி, "நீ சொல்லு, நாங்க தூக்கறோம்" என்றாள். யாரும் கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்கிற மாதிரி.

எனக்கு ஏதோ பயம் பிடித்தது. சும்மா ஒரு சோதனைக்கு, முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல் சொன்னேன்: "காடைப் பண்ணை வைக்கலாம்னு இருக்கேன்."

எட்டுக் கைகள் ஏறின.

எட்டு! ஒருத்தி, "காடை திரும்ப வருதுன்னு எனக்கும் தோணிச்சு" என்கிறாள். ஒன்பதாவது ஆள் கழிவறைக்குப் போயிருந்தாள், அவளும் வந்து விசாரிக்காமலே தூக்கினாள்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரோடு போகாதே என்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது நானே ஊர். என் பின்னால் ஒன்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள். நான் குழியில் கால் வைத்தால் பிடித்து இழுக்க ஆள் இல்லை. என்னை எதிர்க்கத் தெரிந்த ஒரே ஒருத்தி துணி வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

9 ஏப்ரல்

மறுபடியும் போனேன். கொட்டுகிற மழை. கடையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

காடைக் கதையைச் சொன்னேன். அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது, உடனே அடக்கிக்கொண்டாள்.

"நீ வரணும் வங்கேஷி. வந்து என்னைத் திட்டணும்."

"ஒரு தடவை உன்னை எதிர்த்து நின்னேன். கடைக்கு வச்ச பணத்துல அஞ்சுல ஒண்ணு போச்சு. போதும்டி."

"நான் சொன்னது நடந்துச்சு. சரிதான். அடுத்த தடவையும் நடக்கும்னு யார் எழுதிக் கொடுத்தா? நான் தப்பாப் போனா பதினோரு பேரும் சேந்து போவோம். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். எனக்குத் தெரியாததை என்கிட்ட கேக்கறதுக்கு உன்னை விட்டா யாருமே இல்ல."

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "மன்னிப்புக் கேக்க வந்தியா, உதவி கேக்க வந்தியா?"

"ரெண்டும்."

"ஒண்ணொண்ணா வா. முதல்ல அந்த மெத்தை."

கேட்டேன். நின்றுகொண்டே, ஈரக் குடையோடு, முழுசாகக் கேட்டேன். அவள் தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை.

4 மே, சனி

வெள்ளம். பாதி நகரம் தண்ணீரில். கூட்டம் இல்லை. அவளுக்கு, "கடைக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்று செய்தி அனுப்பினேன். "இல்ல" என்று ஒரே வார்த்தை. இருக்கட்டும், ஒரு வார்த்தை.

29 மே

சனிக்கிழமை பேச வேண்டியதைத் தயார்செய்தேன். வங்கிப் பங்குகள். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், விலை தரையில் கிடக்கிறது, சீந்துவார் இல்லை. எனக்குப் பிடித்த மாதிரியே இருக்கிறது. ரொம்பப் பிடித்த மாதிரி இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

1 ஜூன், சனி

அமோன்டி வீடு. பேசி முடித்தேன். ஒன்பது கைகளும், என்னுடையதும், ஏறிவிட்டன. அமோன்டி எழுதப் போகிறாள். கதவு திறந்தது.

வங்கேஷி. தாமதத்துக்கான அபராதத்தை யாரும் கேட்கும் முன்பே மேசைமேல் போட்டாள். கைப்பைகள் கிடந்த தன் பழைய நாற்காலியைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை. என் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லேருந்து சொல்லு" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.

"வங்கிங்க கொடுத்த கடன்ல எவ்வளவு திரும்பி வரல? பாத்தியா?"

"அது... பொதுவா..."

"நூத்துக்குப் பதினாறு. கடைக்காரங்க யாரும் கட்டல, நானே பாக்கறேனே தெருவுல. வீடு கட்டுறவன் கட்டல. எல்லாரும் பயந்தா எதிர்ப்பக்கம் போங்கிற நீ. சரி. ஆனா சில சமயம் எல்லாரும் பயப்படறதுக்கு நிஜமாவே காரணம் இருக்கும்டி. அதை எப்படிப் பிரிச்சுப் பாப்ப?"

மூன்று வாரம் படித்தேன், அந்த எண்ணை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் நிஜம். என் பேச்சுக்கு அது ஒத்துவராது என்று எங்கேயோ தெரிந்திருக்கிறது.

"எந்த வங்கிக்கு எவ்வளவுன்னு தனித்தனியா எடுத்துட்டு வா. அதுவரைக்கும் என் கை கீழதான்," என்றாள். அமோன்டி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தன் கையையும் இறக்கினாள். இன்னும் மூன்று கைகள் இறங்கின. ஆளுக்கொரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே இரைச்சல். இரண்டு மணி நேரம் என்னைக் கிழித்துத் தொங்கப் போட்டார்கள்.

முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த மாதம் வங்கேஷி வீட்டில்.

வீட்டுக்கு வந்ததும் நெலிமா அப்பா, "என்ன, தோத்துட்டியா? மூஞ்சி இப்படிப் பளபளக்குது?" என்றார். ஆமாம், தோற்றுவிட்டேன். என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டுதான் அவள் என்னை எதிர்த்தாள்.