தங்கையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு பூப்பாத்தி

மார்ச் 6
தங்கை என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனதிலிருந்து யாரிடமும் பேச்சில்லை, அழுகைகூட இல்லை. மாப்பிள்ளை தினமும் போன் செய்கிறார், இவள் எடுப்பதில்லை. பின்னறை ஜன்னலே கதி. பார்ப்பதுதான் பார்க்கிறாள், வெறும் சுவரையா பார்க்க வேண்டும்? சுவரோரமாக ஒரு நீளப் பாத்தி வெட்டிவிட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 8
முன்வரிசையில் சாமந்தி, நடுவில் ஜினியா, பின்னால் சூரியகாந்தி. ஓரத்தில் கிள்ளினால் பால் வடியும் ஒரு செடி. "இத வைங்கம்மா, பட்டாம்பூச்சி தேடி வரும்" என்றார் நர்சரிக்காரர். தங்கையிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஒரு "ம்"முக்கா எனக்கு இத்தனை சந்தோஷம்?

ஏப்ரல் 2
தேனீ வந்தாச்சு!

ஏப்ரல் 11
என்ன காரியம் செய்துவிட்டேன்!

பால் செடி முழுக்கக் கோடு போட்ட புழுக்கள். இலையெல்லாம் ஓட்டை. எனக்குப் புழு என்றாலே ஆகாது. மருந்தைக் கரைத்து அடித்துவிட்டேன். ஜன்னலிலிருந்து ஒரு அலறல் — "அக்கா! அறிவிருக்கா உனக்கு?"

வெறுங்காலோடு ஓடிவந்து என் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். "அதுதானே பட்டாம்பூச்சியா ஆகும்! முட்டையிலேர்ந்து பாத்துட்டிருக்கேன். பொறந்து நாலு நாள்கூட ஆகல அக்கா..."

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதாள். பட்டாம்பூச்சி வேணும்னு செடிய நட்டதும் நானு, கொன்னதும் நானு. பாவி! பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டேன். தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை.

ஏப்ரல் 12
ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அவளே நர்சரிக்குப் போனாள். இங்கே வந்தபிறகு தெருவாசலைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. நர்சரிக்காரர் எனக்கு போன் செய்தார்: "மருந்து அடிக்காத செடிதானான்னு கேட்டுக் கேட்டே என் உயிர வாங்கிட்டாங்கம்மா உங்க தங்கச்சி." நல்லா வாங்கட்டும்.

ஏப்ரல் 20
புதுச் செடியில் முட்டைகள். பாத்திப் பக்கம் நான் போகக்கூடாதாம். என் வீட்டில் எனக்கே தடை! சாப்பாட்டுத் தட்டோடு அங்கேதான் நிற்கிறாள்.

மே 9
மாப்பிள்ளை வந்திருந்தார். நேற்று இவளே போன் செய்து வரச் சொன்னாளாம். இருவரும் செடியருகே வெகுநேரம் குந்தியிருந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து நான் உள்ளே வந்துவிட்டேன்.

அவரோடு கிளம்பும்போது கேட்டாள்: "ஜினியா விதை கொஞ்சம் குடுக்கா. எங்க வீட்டு முன்னாடி இடம் சும்மாதான் கெடக்கு."