வெண்பொங்கலில் சீஸ்

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். மாசி முடியவில்லை, அதற்குள் மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. வடாம் பிழிந்திருக்கலாம். யாருக்கு நேரம்?

மாமனாரைப் புத்தூர் டாக்டரிடம் காட்டினோம். காய்ச்சல் வந்து படுத்து எழுந்ததிலிருந்து ஆள் பாதியாகிவிட்டார், சாப்பாடே இறங்கவில்லை. இன்று எடை மெஷினில் ஏற்றினால், கூடியிருக்கிறது! டாக்டர்: "நல்லா தேறிட்டாருங்க. இப்ப என்ன குடுக்கறீங்களோ அதையே விடாம குடுங்க. புரோட்டீன், கால்சியம் முக்கியம்."

என்ன கொடுக்கிறேன்? சீஸ்! வைஷ்ணவி ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. பெண் அம்மாவுக்கு வாசனை சோப்பு கொண்டுவருவாள் என்று பார்த்தால், கல் மாதிரி ஒரு கட்டி. காலைப் பொங்கலில் துருவிப் போட்டால் நெய்யோடு நெய்யாகக் கரைந்துவிடுகிறது. முதல் நாள் மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். "வெளிநாட்டுப் பால்லேர்ந்து பண்ணினதுப்பா." "பால்னா சரி" என்றார். பொங்கலைப் பெருமாள் முன்னால் வைத்துத் திரை போட்டு, கண்டருளப் பண்ணி, பிறகு சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் எதுவும் முதலில் பெருமாளுக்கு, அப்புறம்தான் மனுஷாளுக்கு. அன்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

வாங்க வேண்டியது: பால் கூட ஒரு பாக்கெட், பி12 மாத்திரை, பாத்திரம் தேய்க்கும் நார். நல்ல சைவ சமையல் புத்தகம் ஒன்று. பொங்கலையே எத்தனை நாள் போடுவது?

மார்ச் 4, புதன்

தென்னூர் புத்தகக் கடை. கரண்ட் இல்லை. கடைக்கார பாய் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே, "எல்லாம் சுத்த சைவம்ங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தேன். முதல் புத்தகம்: வழவழ தாள், படம் பார்த்தாலே பசி. பிரித்த பக்கத்தில் முட்டை கேக். "இது சைவமா?" "கேக்குக்குள்ள போனப்புறம் எது முட்டைன்னு யாருக்குங்க தெரியும்?" கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது: எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் "வெங்காயம், பூண்டு வதக்கி". எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது. மூன்றாவது: தடி, படம் கிடையாது, ஆனால் சீஸுக்கென்றே தனி அத்தியாயம். எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன். தசைக்குப் புரதம், எலும்புக்குக் கால்சியம், சைவக்காரர்களுக்கு எளிதில் கிடைக்காத பி12, பல்லுக்குக்கூட நல்லதாம். உப்பு மட்டும் அதிகம், அளவோடு. படிக்கிற சுவாரசியத்தில் அம்மாமண்டபத்தில் இறங்காமல் கோபுரம் வரை போய்விட்டேன். கண்டக்டர்: "ஏம்மா, புஸ்தகத்தை வீட்டுல போய்ப் படிக்கக் கூடாதா?"

ராத்திரி இவரிடம் ஒரு பக்கம் உரக்கப் படித்துக் காட்டினேன். "உம்" என்றார். கிரிக்கெட்.

மார்ச் 5, வியாழன்

எழுத்து கோணல்மாணல்.

அதே அத்தியாயம், கடைசிப் பக்கம், பொடி எழுத்து. பாலை உறைய வைக்கச் சில சீஸ்களில் இளங்கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததைச் சேர்ப்பார்களாம். வெளிநாட்டுக் கட்டி சீஸ் என்றால் கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். நம் ஊரில் பச்சைப் புள்ளி இருந்தால் பயமில்லையாம்.

கன்று உயிரோடு இருக்கும்போதா வயிற்றிலிருந்து எடுப்பார்கள்?

ஃப்ரிட்ஜிலிருந்து உறையை எடுத்தேன். பச்சைப் புள்ளி இல்லை, சிவப்பும் இல்லை. ஒரு எழுத்தும் புரியவில்லை. போட்டோ எடுத்து வைஷ்ணவிக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அம்மா... போட்டிருக்கும்மா."

"என்ன போட்டிருக்கு?"

"கன்னுக்குட்டிதாம்மா. நான் பார்க்கவே இல்லைம்மா. சீஸ்னா பால்தானேன்னு நெனச்சுண்டு..."

நானும் அதையேதானே நினைத்தேன்! அவளைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அவள் அங்கே அழுகிறாள், நான் இங்கே.

கன்று. கோயில் பக்கம் போனால் பசுவின் பின்னால் சுற்றும் கன்றைத் தடவிக் கொடுத்துவிட்டு வருகிறவள் நான். நான் தின்றது போகட்டும். மாமனாரைத் தின்ன வைத்தேன். அதற்கு முன்னால் தினம் தினம், வெள்ளித் தட்டில், துளசி போட்டு, பெருமாளுக்கு.

மத்தியானம் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். மீதிக் கட்டியைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, துருவியைப் பழைய புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன். பிறகு துருவியையும் எறிந்தேன். நல்ல துருவி.

மார்ச் 6, வெள்ளி

இவரிடம் சொன்னேன். டீவியை அணைத்துவிட்டுக் கேட்டார். அதிசயம்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே. இப்பதான் நாலு வாய் சாப்பிடறார். சொன்னியோ, மறுபடி இலையைத் தள்ளிடுவார். அப்புறம் இந்த உடம்பு தாங்காது. யார் பொறுப்பு?"

நியாயம். காய்ச்சல் நாட்களில் ஒரு தம்ளர் கஞ்சிக்காக அவரிடம் கெஞ்சியது நான்தான். சொன்னால் உயிருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால்? தினமும் அவர் திரையை விலக்கும்போது நான் எங்கே பார்ப்பது?

பொங்கல் சீஸ் இல்லாமல். ஒரு கரண்டியோடு எழுந்துவிட்டார்.

புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அது என்ன தப்பு செய்தது, பாவம். அது சொல்லியிராவிட்டால் இன்னும் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

மார்ச் 7, சனி

வெயில் பொறுக்கவில்லை. இரண்டு தடவை கரண்ட் போனது.

தளிகை முடியும் நேரம் மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு. "நேத்து பொங்கல்ல அது இல்லையேம்மா. தீர்ந்து போயிடுத்தா?"

நான் பொங்கலைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"இருந்தா ஒரு துளி போடேன். பெருமாளும் ருசி கண்டுட்டார். ஏமாந்துடப் போறார்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அடுப்பை அணைத்தேன். இவர் கூடத்திலிருந்து ஜாடை காட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. நான் சொல்லிவிட்டேன். எல்லாம். கன்று, வயிறு, உறை. கீழே விழுந்து சேவித்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"கன்னுக்குட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "நீ தெரியாம பண்ணினே. ஆனா எடுத்துண்டு போய் அவன் முன்னாடி வெச்சது என் கைதானே" என்றார். கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். போய் மறுபடி தீர்த்தமாடினார். ஈர வேஷ்டியோடு பெருமாள் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துளசித் தீர்த்தம் மட்டும். மத்தியானம் இல்லை, ராத்திரியும் இல்லை.

இவர்: "சொன்னேனே! கேட்டியா?" புத்தூர் டாக்டர் நம்பரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

நானும் சாப்பிடவில்லை. அது பிராயச்சித்தம் இல்லை, பயம்.

மார்ச் 8, ஞாயிறு

நாலு மணிக்கே விழிப்பு. முதலில் போய் அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். ஏற்கெனவே எழுந்து திருமண் இட்டுக்கொண்டிருந்தார்.

அடுக்களை முழுக்க அலம்பி, புதுப் பாத்திரத்தில் தளிகை. சாதம், பருப்பு, சாத்தமுது, வாழைக்காய்க் கறியமுது. கண்டருளப் பண்ணினார். நான் தலை நிமிரவில்லை.

பிறகு, இலை போடச் சொன்னார்! இவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன். பரிமாறும்போது கரண்டி பாத்திரத்தில் இடித்துச் சத்தம் போட்டது. சாதத்தைப் பிசைந்தார். சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சாதம் என்றார். பெருமாளே, காப்பாற்றினாய்.

கறியமுது போடப் போனேன். கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்தார். கோபமே இல்லை, மெதுவாக, வெளியாரிடம் கேட்பதுபோல:

"இதுல என்ன போட்டிருக்கேம்மா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். என் கையால் போட்ட எதையும் அவர் இப்படிக் கேட்டதில்லை.

"வாழைக்காய். தேங்காய். உப்பு. வேற ஒண்ணும் இல்லைப்பா."

தலையாட்டிவிட்டுக் கையை எடுத்தார். மோர் ஊற்றப் போனபோதும் கேட்டார்.