மூன்று சேலைகளில் ஒரு பிற்பகல்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. மின்விசிறிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

பள்ளித் தலைமையாசிரியை கலா போன் செய்தாள். அடுத்த வியாழன் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். பள்ளி தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அது சரியா என்று அவர் கோப்பைப் புரட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு வரிக்கும் சான்று. பள்ளி வாரியம் வருடத்துக்கு நான்கு முறை கூட வேண்டும் என்பது ஒரு வரி. கூடியது ஒரே முறை, மார்ச்சில். வாரியத் தலைவர் நான்.

"போன வருஷம் 'நன்று' கிடைச்சுச்சு ஆன்ட்டி. இறங்கிட்டா பேரண்ட்ஸ் பிள்ளைங்கள மலாய்ப் பள்ளிக்கு மாத்திடுவாங்க. ஒண்ணாம் வகுப்புல இப்பவே ஒம்போது பேருதான்."

"நான் என்ன செய்யணும்?"

"வெள்ளிக்கிழமை வாங்க. மூணு சேலை கொண்டு வாங்க."

அக்டோபர் 10, வெள்ளி

பச்சை, சாம்பல், நீலம். விளையாட்டுச் சாமான் அறையில், பந்துகளுக்கு நடுவே உடுத்திக்கொண்டேன். வெள்ளைப் பலகையில் கலா தேதி மாற்றினாள்: ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர். படம் பிடித்தது ஓர் ஆசிரியை.

வாரிய உறுப்பினர் முருகையா மூன்றாவது சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "மேடம், ஹீரோயின் மாதிரி இருக்கீங்க லா. அடுத்த சீன் தண்ணீர்மலைக் கோயில்ல வச்சுக்கலாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கான்வென்ட்டில் பக்கத்துப் பெண்ணின் கணக்கைப் பார்த்து எழுதியதற்கு ஒரு மணி நேரம் நின்றவள் நான்.

செயலாளர் நடராஜா வரவில்லை. எப்படி வருவார்? மார்ச் கூட்டக் குறிப்பை, பிழை திருத்தச் சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினேன். கடைசி முறை பள்ளி அலுவலகத்தில், எல்லார் முன்னும். "முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவன் மேடம். ஒண்ணாம் வகுப்பு இல்ல" என்று எழுந்து போனார். நான் கூப்பிடவில்லை. அவராக வரட்டும் என்றிருந்தேன்; கூட்டமும் கூட்டவில்லை. ஏழு மாதம்.

அக்டோபர் 13, திங்கள்

தூக்கம் சரியில்லை. பால் திரிந்துவிட்டது.

நடக்காத மூன்று கூட்டங்களுக்கும் கலாவே குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறாள். நான் கையெழுத்திட வேண்டும். ஜூனில் கழிவறைக் கதவைப் பற்றி நீண்ட நேரம் பேசினேனாம். அழகாக எழுதியிருக்கிறாள். திருத்த ஒன்றுமில்லை.

நாளை கையெழுத்திடலாம்.

அக்டோபர் 15, புதன்

இன்னும் இடவில்லை. கலா இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை. பள்ளிக்கு எட்டு மணிக்கே போய்விட்டேன்.

அதிகாரி மலாய்ப் பெண், நாற்பது வயது இருக்கும். மரியாதையானவர்; என்னைப் புவான், அதாவது மேடம், என்றே அழைத்தார். படங்களைப் புரட்டிவிட்டு, "புவான், இந்த வருடம் எத்தனை முறை கூடினீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

ஒரு முறை என்றேன். மற்ற மூன்றும் ஒரே பிற்பகலில் எடுத்தவை. கூட்டம் நடக்காததற்குக் காரணம் நான், தலைமையாசிரியை அல்ல.

அவர் அந்தப் படங்களையும் கையெழுத்தில்லாத குறிப்புகளையும் உருவி மேசையில் கவிழ்த்து வைத்தார். அந்த வரிக்குப் பூஜ்யம். "வருடம் முடியவில்லை. உண்மையாகக் கூடினால் குறிப்பை அனுப்புங்கள்" என்றார்.

தாழ்வாரத்தில் கலா: "ஒரு மாசமா ராத்திரி பகலா அந்த ஃபைலப் பண்ணேன் ஆன்ட்டி. நீங்க உண்மையப் பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்கு ஹெட்மாஸ்டர்ங்க மீட்டிங்ல திட்டு வாங்கப் போறது நானு."



அக்டோபர் 17, வெள்ளி

நடராஜாவுக்குப் போன். மூன்றாம் முறை எடுத்தார்.

"என்ன மேடம், யாரும் தவறிட்டாங்களா?"

"இல்ல. அன்னைக்கு நான் பேசினது தப்பு, மிஸ்டர் நடராஜா. இருபத்தொன்பதாம் தேதி, அஞ்சு மணிக்குக் கூட்டம். நீங்க எழுதினா அப்படியே கையெழுத்துப் போடுறேன்."

"பாக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 29, புதன்

நால்வர் இல்லாமல் கூட்டம் செல்லாது. 5.40 வரை மூவர்தான்: நான், முருகையா, கலா. கலா என் முகம் பார்க்கவில்லை. முருகையா கூட வேடிக்கை பேசவில்லை.

5.50. கலா கோப்பை மூடினாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள். நடராஜா. நனைந்திருந்தார். யாருக்கும் வணக்கம் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கூட்டக் குறிப்பு நோட்டைத் திறந்தார்.

"இன்னைக்கு என்னா தேதி?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.