அண்ணா, உங்கள் தெருவில் இப்போது பஸ் ஓடுகிறது

என் ஒரேயொரு அண்ணாவுக்கு,

பெர்லின் சுவர் இப்போது இல்லை. நீங்கள் கண்மூடிய வருடக் கடைசியிலேயே சனம் அதை இடித்துவிட்டது. இங்கே ஆக்லாந்தில், ஏவன்டேல் வீட்டில் இருந்து டிவியில் பார்த்த எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உங்கள் மேல் கோபம்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?

போன மாதம் அங்கே போய் வந்தேன். அம்மாவும் போனபிறகு உங்களைத் தெரிந்தவள் என்று நான் மட்டும்தான் மிச்சம். நீங்கள் இருந்த ஊரில் இன்னும் ஒருவராவது இருக்கமாட்டாரா என்று தேடித்தான் போனேன்.

கிழக்குப் பக்கத்துக் காவலர்கள் நிற்க, ரயில் நிற்காமல் கடந்துபோகும் இருட்டு ஸ்டேஷன்களைப் பற்றிச் சொல்வீர்களே, அங்கெல்லாம் இப்போது ரயில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள்.

"தெரு சுவரில முட்டி நிண்டிடும் தங்கச்சி, எங்கட ஊர்ச் சின்ன ஒழுங்கை மாதிரி ஒரு சத்தமும் இல்லை" என்பீர்கள். அந்தத் தெருவுக்குள்ளால் இப்போது பஸ் ஓடுகிறது. சுவர் எந்த இடத்தில் நின்றது என்றே எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் கட்டடத்துக்குப் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டி உங்கள் படத்தைக் காட்டினேன், முழுப்பெயரையும் சொன்னேன். எல்லாரும் புதிதாகக் குடிவந்தவர்கள்.

கடைசிக் கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மா. கண் பார்வை குறைவு, படம் தெரியவில்லை. உங்கள் பெயரும் அவருக்கு விளங்கவில்லை. அரைகுறை இங்கிலீஷில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். களைப்பில் என்னையறியாமல், ஆமென்பதற்கு நம் ஊரில் சொல்வதுபோல "ஓம், ஓம்" என்றுவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹெர் ஓம்?"

ஹெர் என்றால் மிஸ்டராம். அவர் எதைக் கேட்டாலும் நீங்கள் "ஓம், ஓம்" என்றபடி நிலக்கரி வாளியை மேலே தூக்கிக் கொடுப்பீர்களாம். அந்தக் கட்டடமே அதை உங்கள் பெயரென்று நினைத்திருக்கிறது. அது பெயரில்லை என்று விளக்கி, சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, மறுபடியும் ஹெர் ஓம் என்றார்.

இப்போது நிலக்கரி வேண்டாமாம், வீட்டுக்கு ஹீட்டர் வந்துவிட்டது. ஆனால் வாடகை ஏறி, தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சுவர் இருந்த காலத்தில்கூட இவ்வளவு தனிமை இல்லை என்றார். எனக்கு நன்றாக விளங்கியது.

"சோ அங்கிள் வாஸ் மிஸ்டர் யெஸ்?" என்று ஆக்லாந்து விமான நிலையத்தில் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். எல்லர்ஸ்லி ஆபிஸில் யெஸ் என்கிறேன், பக்கத்து வீட்டு மதுரைக்காரரிடம் ஆமா என்கிறேன். ஓம் என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள், அண்ணா?

அந்த அம்மா உயிரோடு இருக்கும்வரை ஞாயிறுதோறும் அவருக்கு போன் எடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் சத்தியம். இப்போதே தொடங்கிவிட்டேன். போனை எடுத்ததும் அவர் ஹலோ சொல்வதில்லை. "ஓம்?" என்று கேட்கிறார்.

நானும் ஓம் என்கிறேன்.

இப்படிக்கு,
ஹெர் ஓமின் தங்கச்சி