என்னிடம் இருக்கும் கிழவன் சீட்டு

ஜெயஸ்ரீயின் அம்மாவுக்கு,

கோத்தகிரியில் மகள் வீட்டில் சுகமாக இருப்பாய். இங்கே வெலிங்டனில் குளிர் அதிகம். எனக்கு ஒன்றுமில்லை.

படம் போட்ட உன் டாரட் சீட்டுகளை நான் இன்னும் நம்பவில்லை. "சோசியமில்லீங்க, எம்மனசை நானே கேட்டுப் பாக்கறதுங்க" என்றாய். தினமும் காலையில் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்து யோசித்தவள், ஒருநாள் பையோடு கிளம்பிவிட்டாய். எந்தச் சீட்டு அப்படிச் சொன்னது?

வெடிமருந்துத் தொழிற்சாலை வாசலில், உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று சோதித்தவன் நான். மேலதிகாரியையும் விட்டதில்லை. நீ வெளியே போய் வரும்போதெல்லாம் உன் பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது மட்டும் குற்றமா? "இத்தன வருசமா எம்பையில என்னத்தைங்க கண்டீங்க?" என்று கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பிய அன்றும் பார்த்தேன். சீட்டுக்கட்டின் மேலே, மலை உச்சியில் விளக்கோடு தனியாக நிற்கும் கிழவன். என்னைக் குத்திக்காட்டத்தான் மேலே வைத்திருக்கிறாய் என்று அதை உருவிக்கொண்டேன்.

சீட்டுக்கட்டில் ஒன்று குறைவது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்கவில்லை. எனக்கென்றே விட்டுப் போனாயோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தபாலில் அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள். பையைத் திறக்கச் சொல்ல மாட்டேன்.

இங்கேயே இருக்கும்
உன் வீட்டுக்காரன்